முதல் விசா

"அம்மா, என்ரை அந்தப் பழைய பாஸ்போட் எங்கை?"

மிருணாளினி இதைக் கேட்பது மூன்றாம் தடவை. குசினியில் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்த கமலினிக்கு இந்த முறையும் காது கேட்கவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது.

கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்குப் போன மகள், மெல்பனின் புறநகரான கிரெய்கிபர்னில் உள்ள பெற்றோர் வீட்டுக்கு விடுமுறையில் வந்திருந்தாள். விடுமுறை என்பது பேருக்குத்தான். கனடியக் குடியுரிமைக்கான விண்ணப்பம் பாதியில் நின்றது. வேறு நாட்டில் வதிவிட உரிமை வைத்திருந்தீர்களா, எப்போதிலிருந்து எப்போது வரை என்று அதில் ஒரு கேள்வி. அவுஸ்திரேலிய பி.ஆர். முடிந்த நாள் அவளுக்குத் தெரியும். தொடங்கிய நாள் தெரியாது. மூன்று வயதில் அம்மாவின் தோளில் தூங்கியபடி மெல்பனில் வந்து இறங்கினாளே, அந்தப் பாஸ்போர்ட்டில்தான் அது இருந்தது.

"அது துலைஞ்சு போச்சு பிள்ளை," என்றார் சிறிதரன், கதிரையை விட்டு எழும்பாமல். "வீடு மாறேக்கை எங்கையோ விட்டிட்டம். குத்துமதிப்பா ஒண்டைப் போட்டு விடன்."

"குத்துமதிப்பாவோ? பிழையா எழுதினா பொய் சொன்னதெண்டு நினைப்பினம், அப்பா."

"அப்ப அவுஸ்திரேலியாவைப் போடாமலே விடு."

"நல்ல கதை! இருபது வருஷம் இருந்த நாட்டைப் போடாமல், எங்கை வளந்தனான் எண்டு எழுதுறது? நிலாவிலையோ?"

அரசாங்கக் காகிதம் என்றாலே அப்பாவுக்குப் பயம். கேட்டதற்குக் குறைவாகச் சொல், கேட்காததை வாயே திறக்காதே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தவர். அது பழகிய சங்கதி. ஆனால் ஒன்றை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் எப்போதோ அவுஸ்திரேலியக் குடியுரிமை எடுத்துவிட்டார்கள். விழாவில் கொடுத்த மரக்கன்று கூட இன்று பின்வளவில் பெரிய மரமாகி நிற்கிறது. அவளுக்கு மட்டும் எடுக்கவில்லை. "பிறகு பாப்பம், பிறகு பாப்பம்" என்றே காலம் போய்விட்டது. கூடப் படித்தவர்கள் பள்ளிச் சுற்றுலாவுக்கு வெளிநாடு போனபோது, இலங்கைப் பாஸ்போர்ட்டும் கையுமாக வீட்டில் இருந்து அழுதவள் அவள்.

"உங்கள் ரெண்டு பேருக்கும் எடுக்கத் தெரிஞ்சது. எனக்கு மட்டும் ஏன் எடுக்கேல்லை? சொந்தப் பிள்ளைக்கு ஆராவது இப்பிடிச் செய்வினமோ?"

சிறிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

"இண்டைக்குத் திவசம். சண்டை வேண்டாம், பிள்ளை," என்றாள் கமலினி குசினியிலிருந்து.

வருஷா வருஷம் நடப்பதுதான். சாவகச்சேரியில் ஷெல் விழுந்து கமலினியின் தம்பியும், தம்பி பெண்சாதியும், ஒரு சின்னப் பிள்ளையும் ஒரே நாளில் போனார்கள். அவர்களுக்காக மூன்று இலை போட்டுப் படைப்பாள். மிகச் சின்ன இலையில் சோற்றோடு ஒரு கைப்பிடி தோடம்பழ இனிப்பும் இருக்கும். ஏழு வயதில் மிருணாளினி அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். ஒருநாளும் கை ஓங்காத அம்மா அன்று அடித்துவிட்டாள். பிறகு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருட்டும் வரை அழுதாள். ஓர் இனிப்புக்கு இவ்வளவு அழுகை ஏன் என்று அந்த வயதில் விளங்கவில்லை. அவள் பிறகு கேட்கவும் இல்லை.

"சண்டை பிடிக்கேல்லை, அம்மா. துலைஞ்சது துலைஞ்சதாப் போகட்டும். இமிக்ரேஷனுக்கு எழுதிக் கேட்டா என்ரை பழைய ஃபைலைக் கொப்பி எடுத்துத் தருவினம். விசா தந்த திகதி, அப்பத்தைப் படம், எல்லாம் அதிலை இருக்கும். இப்பவே போடுறன்."

அவள் போனை எடுத்தாள். குசினியில் கரண்டி கீழே விழுந்தது.

கமலினி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். யாரையும் பார்க்காமல் சாமி அறைக்குப் போனாள். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள்.

"கமலி, வேண்டாம்," என்றார் சிறிதரன்.

"எத்தினை நாளைக்கு ஒளிக்கிறது? வேறை ஆரும் சொல்லி அவள் அறியிறதை விட நாங்களே சொல்லுவம்."

மிருணாளினிக்குக் கோபம் தலைக்கேறியது. "சாமி அறையிலை வைச்சுக்கொண்டோ துலைஞ்சு போச்செண்டு சொன்னனீங்கள்?" என்று துணியைப் பிரித்துப் பாஸ்போர்ட்டைத் திறந்தாள்.

உள்ளே அவளுடைய பெயர். அவளுடைய பிறந்த நாள். படத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு சின்னப் பிள்ளை. வலது கன்னத்தில் மிளகு அளவில் ஒரு மச்சம். மிருணாளினியின் விரல் தானாகத் தன் வலது கன்னத்துக்குப் போனது. அங்கே ஒருநாளும் மச்சம் இருந்ததில்லை.

"அம்மா... இது ஆர்?"

கமலினி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்டைக்குத் தம்பி வீட்டிலை தப்பினது அவன்ரை பிள்ளை நீ மட்டுந்தான். விசா வந்திருந்தது, அதிலை வர என்ரை பிள்ளை இல்லை. உன்னை அவளின்ரை பேரிலை தூக்கிக்கொண்டு வந்திட்டன், அதாலைதான் உனக்குக் குடியுரிமை கேக்கப் பயந்தம். நீ உண்மையையே எழுது, வாறதை நாங்கள் பாக்கிறம். ஆனா இந்தப் பாஸ்போட்டை மட்டும் ஆரிட்டையும் குடுத்திடாதை. என்ரை மிருணாளினியின்ரை படமெண்டு எங்களிட்டை இருக்கிறது இது ஒண்டுதான்."