முன்னுக்கு நட

காணிப் பத்திரத்தில் அவளுடைய பெயர் இல்லை.

தம்பியின் பெயர் இருந்தது. நிமலதாசன். அதிகாரி ஒலிவாங்கியில் வாசித்ததும் கூட்டம் கைதட்டியது.

அவளும் தட்டினாள். கை தன்பாட்டில் தட்டிவிட்டது. பிறகுதான் வாசித்தது என்னவென்று உறைத்தது.

அவள் மிதிவெடி அகற்றுகிறவள். முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, நெஞ்சுக்குக் கவசம், வெயிலில் முழந்தாளிட்டு மண்ணை விரலளவு விரலளவாகச் சுரண்டுகிற வேலை. செத்துப்போன அப்பாவின் காணியில் வெடி எடுக்க முறை வந்தபோது, அந்தத் துண்டை எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினாள். கிணற்றடியில் கிடந்ததை அவள்தான் எடுத்தாள். அம்மா உடுப்புத் தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்ததையும் அவள்தான் எடுத்தாள்.

தம்பிக்கு வவுனியாவில் வாகன ரயர்க் கடை. ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

பயமாம்.

பத்திரம் இருப்பவர்களுக்குத்தான் வீட்டுத்திட்டத்தில் வீடு. புருஷன் காணாமல்போன நாளிலிருந்து அவளும் மகளும் இருப்பது அடுத்தவர் வளவில், தகரக் கொட்டிலில். வளவுக்காரர் மழைக்கு முன்னம் கொட்டிலை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். பரவாயில்லை, அப்பாவின் காணி வருகிறதுதானே என்று இருந்துவிட்டாள். என்ன மடத்தனம்.

அதிகாரியிடம் போய்க் கேட்டாள்.

“மூத்த ஆம்பிளைப் பிள்ளையின்ர பேரிலதான் எழுதலாம் தங்கச்சி. சட்டம் அப்பிடி. நான் என்ன செய்யிறது?”

அவள் தம்பியைவிட ஆறு வயது மூத்தவள். அது கணக்கில் வராதாம்.

மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. ‘பெண்களின் கைகளில் பாதுகாப்பான நிலம்.’ எழுத்துக்குக் கீழே அவளுடைய படம்தான். கவசத்தோடு சிரிக்கிறாள். சிரிக்கச் சொல்லி எடுத்தது.

வெடி அகற்ற நிதி கொடுத்த வெள்ளைக்காரப் பெண்மணி பெண்ணுரிமை பற்றி நெடுநேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அவளை மேடைக்குக் கூப்பிட்டு, கட்டியணைத்து, ஒரு கேடயம் கொடுத்தார். இந்த நேரத்தில் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

“அப்பாவின்ர காணியை எனக்குத் தரச் சொல்லுங்கோ.”

மொழிபெயர்க்க வந்த பெட்டை ஒரு சொல்லையும் விழுங்காமல் அப்படியே சொன்னாள். அன்று அங்கே ஒழுங்காக வேலை செய்தவள் அவள் ஒருத்திதான்.

பெண்மணியின் முகம் வாடியது. மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். பெட்டை தரையைப் பார்த்தாள்.

“அது வேற திட்டத்துக்குள்ள வருதாம் அக்கா. உள்ளூர்ச் சட்டத்தில தாங்கள் தலையிடேலாதாம்.”



மிதிவெடியும் உள்ளூர் மண்ணில்தான் கிடந்தது. அதற்குள் தலையை விடலாமாம். அவளுடைய தலையை.

கேடயத்தோடு படம் எடுத்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இன்னொருக்கா எடுப்போம் என்றார்கள். அப்போதும் சிரிக்கவில்லை.

பிறகு, பத்திரம் வாங்க வந்திருந்த தம்பியோடு எல்லோரும் காணிக்குப் போனார்கள்.

காலையில்தான் மண்டையோட்டு எச்சரிக்கைப் பலகையைக் கழற்றியிருந்தார்கள். கையளிக்கும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. வெடி எடுத்தவர்கள் முதலில் உள்ளே நடந்து காட்டுவார்கள். அதைக் கண்ட பிறகுதான் சனம் கால் வைக்கும். அவளோடு வெடி எடுத்த மற்றப் பெண்கள் அடுத்த ஊரில் வேலையில் நின்றார்கள். அவள் மட்டும்தான் இருந்தாள்.

அதிகாரி றோட்டில் நின்றார். பெண்மணி றோட்டில் நின்றார். படம் பிடிக்கிறவனும் றோட்டில்தான் நின்றான்.

தம்பி பத்திரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினான். மண்ணைப் பார்த்தான். திரும்ப றோட்டிலேயே வைத்தான்.

“முன்னுக்கு நட அக்கா. நான் உன்ர அடியில மிதிச்சு வாறன்.”

வெட்கமில்லாமல் சொன்னான். அதையும் பாசமாகச் சொன்னான்.

அவள் அவனைப் பார்த்தாள். பத்திரத்தைப் பார்த்தாள்.

கேடயத்தை றோட்டில் வைத்தாள். வேலியோரம் விழுந்து கிடந்த பனங் காவோலை ஒன்றை எடுத்தாள்.

உள்ளே இறங்கினாள்.

அவள் கிண்டிக் கிண்டிச் சலித்த மண். பொலபொலவென்று இருந்தது. கால் வைத்த இடமெல்லாம் சப்பாத்தின் அச்சு ஆழமாக விழுந்தது.

அவள் திரும்பி அவர்களைப் பார்த்தபடி நின்றாள். பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள். ஒரு அடி வைத்தாள். முன்னால் இருந்த அச்சைக் காவோலையால் கூட்டி அழித்தாள். அடுத்த அடி. அதையும் அழித்தாள்.

“என்னக்கா செய்யிறாய்?”

அவள் அடுத்த அச்சையும் அழித்தாள். ஒரு தரமும் திரும்பிப் பின்னால் பார்க்கவில்லை.

கிணற்றைத் தாண்டி, காணியின் நடுவில் நின்றாள். காவோலையைப் போட்டாள். நிலத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, சப்பாத்தைக் கழற்றினாள்.

அவளுக்கும் றோட்டுக்கும் நடுவில் ஒரு காலடியும் இல்லை.

“உன்ர காணிதானே தாசன்,” என்றாள். “வா.”