ஆந்தை வரக் கூடாத வான்காட்சி

அந்தி சாய்ந்ததும் ஆந்தையும் தேவாங்கும் ஒரு பாறைமேல் கூடி நட்சத்திரம் பார்ப்பது வழக்கம். ஒருநாள் ஆந்தைக்கு ஓர் ஆசை வந்தது.

"நாம மட்டும் பார்த்தா போதுமா? வயல் எலிகளையும் கூப்பிடுவோம். பாவம், அதுங்க நிமிர்ந்தே பார்த்ததில்லை."

எலி வளைக்குப் போன தேவாங்கு வாடிய முகத்தோடு திரும்பியது. "வர்றாங்களாம். ஆனா நீ வரக் கூடாதாம்."

"ஏன்? விருந்தாளியையா தின்பேன்?"

"போன வாரம் தாய் எலியோட தங்கச்சியைத் தின்னியே."

ஆந்தை மறுநாள் பொழுது சாய்வதற்குள் தூரத்துப் பனைமரத்துக்குப் போய்விட்டது.

எலிகள் நடுங்கிக்கொண்டே பாறை ஏறின. தாய் எலி குஞ்சுகளை அணைத்தபடி முதன்முதலாகத் தலையைத் தூக்கியது. "அம்மாடி, இத்தனையா!"

தேவாங்கு கிழக்கே கை நீட்டியது. "அதோ பளபளன்னு தெரியுதே, அதுதான் வெள்ளி."

பனைமரத்தில் இருந்த ஆந்தைக்கு அது தெளிவாகக் கேட்டது. அந்தியில் கிழக்கே வெள்ளி எப்படி வரும்? பதில் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் ஒரு குரல் கொடுத்தால் பாறை காலியாகிவிடும். ஆந்தை பனைமட்டையை நகங்களால் இறுக்கிப் பிடித்து, அலகை மூடிக்கொண்டது.

கடைசி எலியும் வளைக்குள் போன பிறகுதான் அலறியது.

"அது வியாழன்!"

வளைக்குள் ஒரு குஞ்சு வெலவெலத்தது. "அம்மா, ஆந்தை!"

"பயப்படாதே, நாம உள்ளேதான் இருக்கோம். என்ன சொல்லுது?"

குஞ்சு காதைத் தீட்டிக் கேட்டது.

"அது வெள்ளி இல்லையாம்மா. வியாழனாம்."