பதினொரு ஜோடி

"அண்ணே, படகைத் திருப்புங்க! மணல்திட்டுல ஒருத்தர் நின்னு கையை ஆட்டுறாரு!"

ஆரசேலி போட்ட கத்தலில் படகே திரும்பிப் பார்த்தது. பார்க்காதவர்கள் இரண்டே பேர். சுக்கானைப் பிடித்திருந்த டென்சியோவும், எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அவன் மச்சான் ரூஃபோவும்.

"பாக்காதீங்கம்மா" என்றான் டென்சியோ. "பாத்தாலும் பதிலுக்குக் கையை ஆட்டிராதீங்க."

"என்னண்ணே பேச்சு இது? மனுசன் நிக்கிறாரு அங்க!"

"மனுசன் இல்லம்மா. என் தம்பி."

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே திட்டில்தான் நிலோ போனான். கணவாய் மீன் பிடிக்க இறங்கியவனைக் கடலேற்றம் கொண்டுபோனது, உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதற்கப்புறம், கடல் ஏறுகிற நேரத்தில் அங்கே யாரோ நின்று கூப்பிடுவதைப் பார்க்காத படகுக்காரன் அந்தத் தீவில் கிடையாது. பதில் கொடுத்தால் படகில் ஏறிவிடுவான், ஏறினால் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் இறங்குவான் என்று அவர்களுக்குள் பேச்சு.

ஊருக்கு அது பேய். டென்சியோவுக்குத் தம்பி. கூடப் பிறந்தவனுக்கு முதுகைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பது எப்பேர்ப்பட்ட கொடுமை என்பது அவனுக்குத்தான் தெரியும்.

ஆரசேலி செபு நகரத்தில் நர்ஸ். பேய் பிசாசையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே பார்த்து முடித்தவள்.

"நம்ம படகு ஆளு யாராவது விட்டுப் போயிருந்தா? தலையை எண்ணினீங்களா?"

"தலையை எவன் எண்ணுவான்?" என்று ரூஃபோ சிரித்தான். "ஒரு இடத்துல ஒழுங்கா உக்காருற ஆளுங்களா நீங்க? நாங்க செருப்பைத்தான் எண்ணுவோம்."

அந்தக் கடலில் அதுதான் வழக்கம். படகில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கூடையில் போடவேண்டும். திட்டில் உடைந்த பவளப்பாறைத் துண்டு காலைக் கிழிக்கும் என்பதால் இறங்கும்போது எடுத்து மாட்டிக்கொள்ளவேண்டும். திரும்பி ஏறினால் மறுபடியும் கூடை. செருப்பு சரியாக இருந்தால் ஆள் சரி.

காலையில் திட்டைச் சுற்றிப் பார்க்கத் துறையில் கிளம்பும்போதும் ரூஃபோதான் எண்ணினான். அப்போது ஒரே கூத்து. ஒருவர் கிடாரோடு ஏறினார், ஒருவர் ஓலையில் கட்டிய சோற்று மூட்டையோடு தண்ணீரில் விழப் பார்த்தார். கரையில் நின்ற ஒரு வயதான அம்மாள், "சர்க்கரை உடம்பு! வெறுங்காலைக் கீழ வைக்காதீங்க, கேட்டுச்சா?" என்று படகில் ஏறிய புருஷனுக்குக் குரல் கொடுக்க, மொத்தப் படகும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பதினொரு ஜோடி.

இப்போது ரூஃபோ கூடையை ஆரசேலியின் காலடியில் கவிழ்த்தான். ஒவ்வொரு ஜோடியாக எடுத்து உள்ளே போட்டான்.

"ஒம்போது, பத்து, பதினொண்ணு. காலையிலயும் பதினொண்ணுதான். போதுமா டாக்டரம்மா?"

அவள் படகைச் சுற்றிப் பார்த்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்த மழைதான் எல்லோரையும் திட்டிலிருந்து அரக்கப்பரக்க ஏற்றியிருந்தது. ஆளாளுக்குத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்தார்கள். யார் எங்கே என்று யாருக்குத் தெரியும்?

"இடுப்புத் தண்ணியில நிக்கிறாருண்ணே" என்றாள். "ஒரே ஒரு தடவ, போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."

டென்சியோ அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். இரண்டு கைகளும் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன. இவ்வளவு தெளிவாக அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. கை தன்னால் சுக்கானை வளைத்தது.

ரூஃபோ பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தான். "மச்சான், உனக்கென்ன கிறுக்கா? பதினோரு உசுரு உன்னை நம்பி உக்காந்திருக்கு. அவன் வந்து ஏறினான்னா இதுல யாரைக் குடுப்ப? இந்தப் பிள்ளையவா?"

டென்சியோ சுக்கானை நேராக்கினான். "மன்னிச்சிருடா நிலோ" என்று வாய்விட்டே அழுதான். மழைத் திரை விழுந்தது. திட்டும் தெரியவில்லை, கைகளும் தெரியவில்லை.

துறைக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் திட்டு ஓர் ஆள் ஆழத்துக்குப் போயிருக்கும். எல்லோரும் அவரவர் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு மழையில் ஓடினார்கள்.

டென்சியோ காலிக் கூடையைக் கையில் எடுத்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். மூன்று வருஷத்தில் முதல்முறையாக மனம் லேசானது. "பாத்தீங்களா?" என்றான், இன்னும் இறங்காமல் நின்ற ஆரசேலியிடம். "இன்னைக்கு என் தம்பி யாரையும் கூட்டிட்டுப் போகல."

காலையில் குரல் கொடுத்த அம்மாள் துறையில் குடையோடு நின்றிருந்தார். இன்னொரு கையில் கால் புண்ணுக்குப் புதிதாக வாங்கிய கட்டுத்துணி. படகுக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் எறங்கியாச்சாப்பா?"

"ஆச்சும்மா. ஒருத்தர் பாக்கி இல்ல." டென்சியோ கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். "பாருங்க, ஒரு செருப்புகூட இல்ல."

அம்மாள் கூடையைப் பார்த்தார். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தார்.

"அவருதான் செருப்பைக் கழட்டவே மாட்டாரேப்பா!"