ஊளையிடும் பஸ்

"அண்ணே, பஸ் என்னமோ ஜம்முனு மிதக்குது. ஆனா மெதுவாப் போனா மட்டும் ஊஊன்னு ஊளையிடுதே, அது எதுக்கு?" என்றான் கண்டக்டர். அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

புகை கக்கும் டீசல் பஸ்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, அரசாங்கம் மின்சார பஸ்களை இறக்கியிருந்தது. இன்று முதல் நாள்.

"இன்ஜின் சத்தம் இல்லல்ல? பஸ் வர்றது தெரியணுமாம். கவர்மென்ட் ரூல்டா" என்றார் டிரைவர்.

"ஏன், ரோட்டுல போறவங்களுக்குக் கண்ணு இல்லையா? நாள் பூரா இதைக் கேட்டா பைத்தியம்தான் பிடிக்கும். வயரைப் பிடுங்கி விடுங்கண்ணே!"

"போடா, செக்கிங் வந்தா என் சீட்டு கிழிஞ்சிடும்."

அப்போது டிரைவரின் செல்போன் ஒலித்தது. மனைவி.

"என்னங்க, சாப்பாடு கட்டிட்டேன். இன்னைக்குப் புது வண்டியாமே?"

"ஆமா. பழைய வண்டி தெருமுனை திரும்பும்போதே கண்டுபிடிச்சிடுவே. இன்னைக்கு முடியாது. பக்கத்துல வந்து நின்னு, 'பே'ன்னு பயமுறுத்தப் போறேன்!"

"கிழிச்சீங்க! இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது என்னை ஏமாத்தியிருக்கீங்களா? நீங்க வர்றதுக்குள்ள நான் ஸ்டாப்புல நிப்பேன். பந்தயமா?"

"பந்தயம்!"

போனை வைத்தவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். இன்று விடக்கூடாது. குனிந்தார், வயரைப் பிடுங்கினார்.

"அப்படிப் போடுங்க!" என்று கைதட்டினான் கண்டக்டர்.

மதியம் பஸ் அவருடைய தெருவுக்குள் பூனைபோல நுழைந்தது. வீடு வலதுபக்கம், ஸ்டாப் எதிர்ப்பக்கம். டிரைவர் கள்ளச் சிரிப்போடு வீட்டு வாசலையே பார்த்தார். அவளைக் காணோம்.

"அண்ணே, பிரேக்!"

காலால் அழுத்துவதற்குள் 'தட்' என்றது. கண்டக்டர் குதித்து ஓடினான்.

"ஐயோ, யாரோ ஒரு அம்மா... பேச்சு மூச்சே இல்லண்ணே! இவ்ளோ பெரிய பஸ் எதிர்ல வருது, விலகாம நேரா வந்து விழுறாங்களே! இவங்களுக்கென்ன, கண்ணா இல்ல?"

தடுமாறி இறங்கிய டிரைவர், சிதறிக் கிடந்த சோற்றுக்கு நடுவே உட்கார்ந்து அவள் தலையை மடியில் ஏந்திக்கொண்டார். சக்கரத்தடியில் ஒடிந்து கிடந்தது ஒரு வெள்ளைக் கோல்.

"இல்லடா" என்று கதறினார். "என் பொண்டாட்டிக்குப் பிறவியிலேருந்தே கண்ணு இல்லடா!"