மூன்றாவது கன்ட்ரோலர்

மூன்றாவது கன்ட்ரோலரையும் பேத்தி கீதாஞ்சலியின் கையில் வைத்தேன்.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற கை. மாசி மாதம் மணிக்கட்டு முறிந்து, வேலூரில் பிளேட் வைத்துச் சேர்த்த வலது கை.

விரல்களை அழுத்தி அழுத்தி விடவேண்டும், இல்லாவிட்டால் மடங்கியபடியே இறுகிப்போகும், மறுபடி கத்தி வைக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கென்று ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். அதை அவள் கோழிக்குப் போட்டுவிட்டாள். கோழி மூன்று வாரம் அதன்மேல் அடைகாத்தது.

அதனால்தான் இந்தப் பொம்மைக் கார் டிராக். சாமை மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கூடம் முழுக்க விரித்திருக்கிறேன். பக்கம் பக்கமாக இரண்டு தடம், அவள் காருக்கு ஒன்று, என் காருக்கு ஒன்று. ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் கோடு மாதிரி ஒரு பள்ளம் ஓடும். காரின் அடியில் இருக்கும் முளை அதில் இறங்கிக்கொள்ளும். கன்ட்ரோலரின் விசையை அழுத்தினால் கார் போகும். விட்டால் நிற்கும்.

அழுத்து, விடு, அழுத்து. டாக்டர் சொன்ன அதே வேலை.

இதைக் கண்டுபிடித்ததற்கு நோபல் பரிசுக்காரர்கள் இந்நேரம் என் வாசலுக்கு வந்திருக்க வேண்டும். மலையேறும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்துத் திரும்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

முதல் கன்ட்ரோலர் துப்பாக்கிப் பிடி. பெரியவர்கள் கைக்குச் செய்தது. கீதாஞ்சலி அதைப் பிடித்தபோது, அது அவளைப் பிடித்திருப்பது போல இருந்தது. கார் கொஞ்ச தூரம் ஓடியது. டிராக்கில் இருக்கிற ஒரே கொண்டை ஊசி வளைவில் போய் நின்றுவிட்டது.

வாணியம்பாடியில் பொம்மைக் கடை வைத்திருக்கும் உஸைருக்குப் போன் போட்டேன்.

"இன்னா பாய், யானைக்குச் செஞ்சத அனுப்பிக்கீற?"

"யானைது ஸ்டாக் இல்ல அண்ணாத்தே. அது உங்க சைஸு. கட்டவெரல்ல அழுத்தற பட்டன் ஒண்ணு கீது, நாளைக்கு பஸ்ல குடுத்து வுடறேன்."

பட்டன் வந்தது. அதன் ஸ்பிரிங்கை அழுத்துவதற்கு என் கட்டைவிரலே குலதெய்வத்தை வேண்டிக்கொண்டது. அதிலும் கார் அதே வளைவில் நின்றது.

டிராக்கில்தான் அழுக்கோ என்று அந்த இடத்தைத் துடைத்தேன். என் காரை ஓட்டிப் பார்த்தேன். அது நிற்கவில்லை. வேகம் தாங்காமல் வளைவில் எகிறிப் பறந்து, அடுப்பிலிருந்த கீரைக் குழம்பில் போய் இறங்கியது. சத்தியமாக, அன்று குழம்பு நன்றாகவே இருந்தது.

அப்புறம்தான் உஸைர் இந்த மூன்றாவதை அனுப்பினார். சின்னக் கைக்குள் அடங்குகிற பிடி. பக்கத்தில் யாராவது தும்மினாலே இறங்கிவிடும் விசை. அடியில் வேகத்தைக் குறைத்து வைக்க ஒரு திருகு. புள்ளைங்க எவ்வளவு அழுத்தினாலும் கார் வளைவில் கவிழாது என்று போனில் சொன்னார்.

சொல்லிவிட்டு உஸைர் சட்டென்று பஸ் நேரத்துக்குத் தாவினார்.

மாசியில், சந்தைக்குப் போன பிக்கப் வண்டி கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்துதான் கீதாஞ்சலியின் கை முறிந்தது. அதே வண்டியில்தான் அவள் அம்மா, என் மகள் சிவசங்கரி, போய்விட்டாள்.

இப்போது கீதாஞ்சலி மூன்றாவது கன்ட்ரோலரின் விசையை அழுத்தினாள்.

கார் கிளம்பியது. அழகாகப் போனது. மூட்டை ஓரத்து வளைவைத் தாண்டியது. கதவோரத்து வளைவைத் தாண்டியது. நான் மூச்சைப் பிடித்த பிடியில் கூடத்தில் பாதிக் காற்று காலி.

கொண்டை ஊசி வந்தது. கார் நின்றது.

"கை நோவுதா கண்ணு?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"எங்க, தாத்தா வெரல நசுக்கு பாக்கலாம்."

நசுக்கினாள்.

முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஸ்டியரிங்கை முறுக்கிய விரல் இது. அதற்கே உயிர் போய் உயிர் வந்தது. நான் போட்ட சத்தத்தில் மலைக்குக் கீழே கணியம்பாடியில் மேய்ந்த மாடுகூட நிமிர்ந்து பார்த்திருக்கும். கைக்குப் பலம் வந்துவிட்டது! எழுந்து ஆடினேன். முட்டி வலிக்கிற கிழவன் ஆடக்கூடிய ஆட்டத்தைவிடப் பத்து மடங்கு ஆடினேன். கீதாஞ்சலி சிரிக்கவில்லை. வளைவில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் தானாக நின்றது.

கார் தானாக நிற்கவில்லை. அவள்தான் நிறுத்துகிறாள்.

"ஏன்டி அங்கயே நிறுத்தற? மத்த வளைவெல்லாம் போற இல்ல?"

"அம்மா இன்னும் ஏறல தாத்தா."

அன்று முதலில் வந்த ஜீப்பில் அவளை மட்டும்தான் தூக்கிப்போட்டுக்கொண்டு கீழே போனார்கள். அவள் அம்மாவை அப்போது சரிவில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் தரையில் உட்கார்ந்தேன். பக்கத்துத் தடத்தில் என் காரை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தேன். அவள் காருக்குக் கொஞ்சம் பின்னால் வந்ததும், விசையிலிருந்து விரலை எடுத்தேன்.