பத்து மணி பத்து நிமிடம்

ஆன்லைனில் வாங்கிய பழைய தங்கக் கைக்கடிகாரம் பார்சலைவிட்டு வெளியே வந்தது. மேஜையில் இருந்த செல்போன் அதை அடையாளம் கண்டுகொண்டது.

"போட்டோவுல பாத்தேண்ணே. அப்பவும் பத்து பத்து, இப்பவும் பத்து பத்தா?"

"விக்கறதுக்குப் படம் எடுக்கறப்ப முள்ளை இப்படித்தான் வைப்பாங்க. அழகா இருக்குமாம். இது எனக்கு நாலாவது வீடு."

"இனி அலைய வேண்டாம். எங்க முதலாளி உங்க போட்டோவை ஒரு மாசமா பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்தாரு."

"எல்லாரும் பாத்தாங்கப்பா. தினமும் சாவி கொடுக்கத்தான் ஆள் இல்லை."

முதலாளி இளம்வழுதி மூன்று வாரம் சாவி கொடுத்தார். ஒரு கல்யாணத்தில் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு எல்லோருக்கும் காட்டினார். அங்கே யாரோ மணி கேட்டதற்கு, செல்போனைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் கடிகாரம் நின்றுபோய் அலமாரியில் கிடந்தது.

ஒருநாள் அதை எடுத்துப் பளபளவென்று துடைத்தார். முள்ளைத் திருப்பினார்.

"பாத்தீங்களாண்ணே, ஞாபகம் வந்துடுச்சு!" என்றது செல்போன்.

"சாவி கொடுக்கலையேப்பா. முள்ளை எங்க வச்சிருக்காரு?"

செல்போன் பார்த்தது. பத்து பத்து. தன் மணியையும் பார்த்தது. மாலை நாலரை.

பதில் சொல்வதற்குள் அவர் செல்போனைக் கையில் எடுத்து, கேமராவைத் திறந்தார்.