துணைக்கு வந்தவர்

"ஒரே ஒரு உதவி பண்ணுங்க டீச்சர். என் மார்க்கைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க."

கம்ப்யூட்டர் டீச்சர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மார்க்கைக் கூட்டிப் போடச் சொல்லி வந்தவர்கள் உண்டு. கெஞ்சியவர்கள் உண்டு, கண்ணைக் கசக்கியவர்கள்கூட உண்டு. குறைக்கச் சொல்லி இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

"என்னக்கா சொல்றீங்க? இந்த வகுப்புலயே நீங்கதான் முதல்."

"அதுதான் வம்பே." தையல்காரி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே அவள் கணவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். "அவரைவிட ரெண்டு மார்க்காவது எனக்குக் கம்மியா இருக்கணும். நாளைக்கு எல்லார் முன்னாடியும் படிப்பீங்களாமே. மனுஷர் உடைஞ்சுபோயிடுவார்."

"முதல்ல உட்காருங்க. என்ன விஷயம்?"

கேட்டதுதான் தாமதம், தையல்காரி கொட்டித் தீர்த்துவிட்டாள்.

கணவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எந்த அலமாரியில் எந்த போல்ட், எந்த டப்பாவில் எந்த நட் என்பதெல்லாம் இருபத்தாறு வருஷமாக அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நாலு மாதத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். இனி ஸ்டோர் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரிலாம். அது தெரியாதவர்களுக்குக் கேட்டில் காவல் வேலையாம்.

"இந்த வயசுல எனக்கு எதுக்கு அந்தப் பெட்டி? கேட்லயே நின்னுட்டுப் போறேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கேட்டில் நிற்பது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அந்த அலமாரிகளைப் பிரிந்தால் மனுஷர் ஆறே மாதத்தில் படுத்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

"எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? நானே அனுபவிச்சவதானே டீச்சர். தெருவுல ரெடிமேட் கடை வந்ததும் என்கிட்ட யார் தைக்கக் கொடுத்தாங்க? மெஷினைப் போர்வை போட்டு மூடிட்டு எட்டு மாசம் சும்மாவே கிடந்தேன். தெரு முனைக்குக்கூடப் போகல. 'தையல் எப்படிப் போகுது'ன்னு யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயம். சரி, என் கதையை விடுங்க. அவருக்கு அந்தக் கதி வரக் கூடாதில்ல?"

"வரக் கூடாதுதான்" என்றாள் டீச்சர்.

"அந்த நேரம் பார்த்து, நீங்க வீடு வீடாப் போட்டீங்களே, அந்த நோட்டீஸ் கதவிடுக்குல கிடந்தது. நாலா மடிச்சு. கடவுளே அனுப்பின மாதிரி இருந்தது. நேரா, 'நீங்க போய்ப் படிங்க'ன்னா அவர் கேப்பாரா? அதனால ஒரு பொய் சொன்னேன். எனக்குப் படிக்க ஆசையா இருக்கு, தனியாப் போகப் பயமா இருக்கு, துணைக்கு வாங்கன்னேன். ரெண்டு நாள் முறுக்கிக்கிட்டார். அப்புறம், 'சரி, உனக்காக வரேன்'னார்."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வந்தாரே ஒழிய, ஒண்ணும் மண்டையில ஏறல. கோழி கொத்தற மாதிரி ஒத்த விரலால தட்டறார். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள, 'டீச்சர் என்ன சொன்னாங்க, மறுபடி சொல்லு'ங்கறார். அவருக்குச் சொல்லிக்கொடுக்கணுமேன்னே நான் எல்லாத்தையும் நோட்டுல எழுதி எழுதிப் படிச்சேன். அவர் பழகட்டும்னுதான் நான் தைச்ச கவுன் படங்களைக்கூட நெட்ல போடச் சொன்னேன். அவர் தலைகீழாப் போட, நான் திருப்பி வைக்க, அதைப் பார்த்துட்டு ஏழு பேர் தைச்சுத் தரச் சொல்லிட்டாங்க. வேற வழி? போர்வையை எடுத்துட்டேன்."

சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே அதை அடக்கிக்கொண்டாள்.

"துணைக்கு வந்தவ முதல் மார்க் வாங்கி, அவர் கடைசியில நின்னா, எந்த முகத்தோட ஸ்டோருக்குள்ள போவார் டீச்சர்?"

அவள் பொய்யில் யார் யாருக்குத் துணை என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. டீச்சர் மார்க் பட்டியலை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அவரைவிடக் குறைச்சுப் போட முடியாதுக்கா. இதுல அவர் பேரே இல்ல."

"ஐயையோ, ஃபெயிலா?"

"ஒரு தடவை பாஸ் பண்ணினவரை மறுபடி எப்படிச் சேர்க்கறது? போன வருஷமே காலை வகுப்புல படிச்சு முடிச்சுட்டார். உங்ககிட்ட ஓவர்டைம்னு சொன்னாராமே. ஒரு வருஷமா ஸ்டோர் கம்ப்யூட்டர் அவர் கையிலதான் இருக்கு."

தையல்காரி கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். வெளியே அவர் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு, துடைத்த ஹேண்டில்பாரையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எதுக்கு இத்தனை நாள் என்கூட வந்து உட்கார்ந்தார்?"

"நானும் கேட்டேன். 'அவளுக்காகன்னா வாசப்படி தாண்ட மாட்டா, எனக்காகன்னா எழுந்து ஓடி வருவா'ன்னார்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் நம்ப முடியவில்லை.

"இருங்க டீச்சர். நோட்டீஸைப் பார்த்துட்டு அவரைக் கூப்பிட்டதே நான்தானே?"

"நாங்க எந்த வீட்டுக்கும் நோட்டீஸ் போட்டதே இல்லக்கா. அதோ, அந்த மேசையிலேர்ந்து ஒண்ணை எடுத்து, நாலா மடிச்சு, சட்டைப் பையில வெச்சுக்கிட்டுப் போனார்."